கணக்கில் பன்னிரண்டு, ரேக்கில் ஒன்றுமில்லை: கடை இருப்பை எண்ண எதைத் தேர்வது?

எங்கள் குடும்பத்துக்கு மூன்று கடைகள் இருக்கின்றன. பெருந்துறையில் ஒன்றும் கோபிசெட்டிபாளையத்தில் ஒன்றுமாக இரண்டு மளிகை டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள். ஈரோட்டில் ஒரு ரெடிமேட் துணிக்கடை. மூன்றிலும் இருப்புக் கணக்கை இனி எந்த முறையில் வைப்பது என்று ஆடி பிறப்பதற்குள் நாங்கள் முடிவெடுத்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும்வரை கடையில் எந்த மாற்றத்தையும் செய்ய இயலாது. வெளிநாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளில் ரேக்குகளுக்கு நடுவே தானாக நகர்ந்து சரக்கைப் படமெடுக்கும் ரோபோவைச் சித்தப்பா ஒரு காணொளியில் பார்த்தார். அதிலிருந்து அவருக்கு அதன்மேல் மிகுந்த விருப்பம். அப்பாவுக்கோ ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 இரவில் கடையை அடைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து எண்ணும் பழைய முறையே போதும் என்ற எண்ணம். கணக்கை எழுதுகிறவன் நான் என்பதால், இருவர் சொல்வதையும் எடைபோட்டுப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இதே நிலையில் இருக்கும் மற்றக் கடைக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று, பார்த்தவற்றையும் கணக்கிட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், நோய் எது என்று பார்க்க வேண்டியிருந்தது. சென்ற மாதம் பெருந்துறைக் கடையில் ஒரு வாடிக்கையாளர் குழந்தைகளுக்கான சத்துமாவு டப்பா கேட்டார். பில்லிங்கில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, "கம்ப்யூட்டர்ல பன்னெண்டு காட்டுதுங்ணா, ரேக்குல ஒண்ணுமே இல்லீங்க" என்றார். குடோனிலும் இல்லை. பன்னிரண்டு இருப்பதாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்ததால் நாங்கள் புதிதாக ஆர்டர் போடவில்லை. ஆர்டர் போடாததால் சரக்கு வரவில்லை. கணக்கைத் திருத்தும்வரை அந்தச் சரக்கு எங்கள் கடைக்கு வரவே வழியில்லாமல் போயிருந்தது. இருப்பே இல்லை என்று சொல்லும் கணக்கைவிட, இல்லாததை இருப்பதாகச் சொல்லும் கணக்கு கடைக்கு அதிகம் கேடு செய்கிறது. முன்னதில் ஆர்டராவது போய்விடும்.

இது எங்கள் ஊர்க் கடைகளுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. அமெரிக்காவில் நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணியதோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் 65 விழுக்காடு பிழையாக இருந்தன என்று 2008-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்கிறது. பார்கோடும் கணினியும் பல்லாண்டுகளாகப் புழங்கிய இடத்திலேயே இந்த நிலை என்றால், கருவி இருப்பதாலேயே கணக்கு சரியாகிவிடும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே எங்கள் கடைகளில் கணக்கு எங்கே பிசகுகிறது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். திருட்டு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்தது, ஆனால் பெரும்பகுதி அதனால் வந்ததாக இல்லை. காலை ஐந்தரைக்குப் பால் வண்டியும் ரொட்டி வண்டியும் வருகின்றன. கணக்கு எழுதும் ஆள் வருவதோ ஒன்பதரைக்கு. அதற்குள் பாதிச் சரக்கு விற்றுவிடுகிறது. வரவு பதியாமலே விற்பனை பதிவதால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. மென்பொருளும் அதை அனுமதிக்கிறது. இன்னொன்று, பில்லிங்கில் நடக்கும் சிறு அவசரம். வாடிக்கையாளர் ஒரே விலையுள்ள சோப்பில் சந்தனம் மூன்றும் ரோஜா மூன்றும் எடுத்து வருகிறார், கூட்டம் நிற்கிறது, சந்தனம் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து ஆறு என்று தட்டிவிடுகிறார்கள். கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் சந்தனச் சோப்பு கணக்கில் மூன்று குறைந்தும், ரோஜாச் சோப்பு மூன்று கூடியும் நிற்கும். ஒரு நாளைக்கு இப்படி நாற்பது பில் நடந்தால் மாதக் கடைசியில் அந்த ரேக் முழுவதும் பொய்யாகிவிடும்.

மூன்றாவது பிசகுதான் மளிகைக் கடைக்கு மிகப் பெரியது. துவரம் பருப்பு ஐம்பது கிலோ மூட்டையாக வருகிறது. பின்கட்டில் அரைக்கிலோப் பொட்டலங்களாகக் கட்டுகிறோம். கணக்குப்படி நூறு பொட்டலம் வர வேண்டும். தூசி, உடைசல், எடைபோடும்போது கை தாராளம் எல்லாம் போகத் தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோதான் வரும். கவுந்தப்பாடியிலிருந்து வரும் நாட்டுச்சர்க்கரை ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து எடை கூடும். சித்திரையில் காய்ந்து குறையும். மூட்டை எண்ணிக்கையில் குறைந்து, பொட்டலம் எண்ணிக்கையில் கூட வேண்டிய இந்த மாற்றத்தை அன்றன்றைக்குப் பதியாமல் விட்டால், மென்பொருளில் மூட்டைகள் விற்காமல் குவிந்து கிடக்கும், பொட்டலங்கள் பூஜ்யத்துக்குக் கீழே ஓடும். நான்காவது, கோபியில் இல்லாத சரக்கைப் பெருந்துறையிலிருந்து ஆட்டோவில் அனுப்பும்போது நேர்வது. அனுப்பியதை இங்கே கழித்துவிடுகிறார்கள். அங்கே வரவு வைப்பது மூன்று நாள் கழித்து நடக்கிறது, சில சமயம் நடப்பதே இல்லை.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ரோபோவைப் பார்க்க வேண்டும். அலமாரி பார்க்கும் ரோபோ என்பது சக்கரத்தில் நகரும் ஓர் உயரமான தூண். முன்னால் இருப்பது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை லேசர் ஒளியாலும் ஆழம் அறியும் கேமராக்களாலும் அளந்து, ஆள்மீது மோதாமல் நகர்கிறது. பக்கவாட்டில் உள்ள கேமராக்கள் ரேக்கைக் கீழிருந்து மேல்வரை படமெடுக்கின்றன. படங்கள் இணையம் வழியாகக் கிளவுட் என்னும் தொலைவிலுள்ள கணினிக்குப் போக, அங்கே உள்ள மென்பொருள் பொருளின் உறையையும், ரேக் விளிம்பில் ஒட்டிய விலைச்சீட்டையும் அடையாளம் கண்டு, எந்த இடம் காலியாக இருக்கிறது, எந்த விலைச்சீட்டு தவறு, எந்தப் பொருள் இடம் மாறி இருக்கிறது என்ற பட்டியலைக் கடை மேலாளரின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. சிம்பி ரோபோட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2015-இல் இப்படி ஒரு ரோபோவை அறிமுகம் செய்து அதற்கு டாலி என்றே பெயர் வைத்தது. நம் ஊரில் டாலி என்றால் கணக்கு மென்பொருள் என்பதால், இரண்டும் ஒன்றா என்று சித்தப்பாவே கேட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

இந்த ரோபோக்கள் வெறும் வேடிக்கைப் பொருள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த ஷ்னக்ஸ் என்ற மளிகைக் கடைத்தொடர் 2017-இல் சோதனையாகத் தொடங்கி, 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தன் எல்லாக் கடைகளுக்கும் இந்த ரோபோவைக் கொண்டுபோவதாக அறிவித்தது. சாம்ஸ் கிளப் என்ற இன்னொரு கடைத்தொடர் வேறு வழியில் போனது: ஏற்கெனவே தரை துடைத்துக்கொண்டிருந்த தானியங்கி இயந்திரங்களின் தலையில் கேமராக் கோபுரத்தைப் பொருத்தி, 2022-இல் ஏறக்குறைய 600 கடைகளில் இருப்பைப் படமெடுக்கச் செய்தது. தரை துடைக்க எப்படியும் சுற்றுகிற இயந்திரம், போகிற போக்கில் ரேக்கையும் பார்த்துவிடுகிறது. செலவில் இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் நாங்கள் முடிவெடுக்க அதிகம் உதவியது வால்மார்ட்டின் அனுபவம். அந்த நிறுவனம் பாஸ்ஸா நோவா என்ற நிறுவனத்தின் ரோபோக்களை 2017-இல் ஐம்பது கடைகளில் விட்டது. 2020 ஜனவரியில் ஆயிரம் கடைகளுக்கு விரிவுபடுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 500 கடைகளில் அவை ஓடிக்கொண்டிருந்த நிலையில், அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்ட செய்தி வந்தது. ரோபோ பழுதானதாலோ தவறாக எண்ணியதாலோ ஒப்பந்தம் முறிந்ததாக அப்போதைய செய்திகள் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் இணைய ஆர்டர்களுக்குச் சரக்கெடுக்க ஊழியர்கள் நாள் முழுவதும் ரேக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். எது காலி என்பதை அவர்கள் மூலமே அறிய முடிந்தது. எளிய வழிகளிலும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது என்பதே சொல்லப்பட்ட காரணம். எங்கள் இரண்டு மளிகைக் கடைகளிலும் இணைய ஆர்டர் இல்லாவிட்டாலும், வாட்ஸாப்பில் பட்டியல் அனுப்பி வீட்டுக்குக் கேட்பவர்கள் தினமும் அறுபது எழுபது பேர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களுக்குச் சரக்கெடுக்கும் பையன்கள் ஒரு நாளில் ஒவ்வொரு ரேக்கையும் குறைந்தது பத்து முறை கடக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதைப் பதிய நாங்கள் வழி செய்யவில்லை என்பதே உண்மை. இந்த விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "எண்ணறதுக்கு ஆள் இருக்குது கண்ணு, எழுதறதுக்குத்தான் ஆள் இல்லை" என்று சொன்னது இதைத்தான்.

ரோபோ நம் கடைக்குள் வந்தால் என்ன பார்க்கும் என்று பெருந்துறைக் கடையின் வரைபடத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். ரேக்கின் முகப்பில் நிற்பதை அது நன்றாகப் பார்க்கும். பின்வரிசையில் நான்கு டப்பா இருக்கிறதா, எட்டு இருக்கிறதா என்பதை முகப்பிலிருந்து எடுத்த படம் முழுமையாகச் சொல்லாது. கம்பியில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு, காபித்தூள் பொட்டலங்கள் காற்றில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்கும். அதில் எத்தனை பாக்கி என்பதை மனிதனே கையால் நீவித்தான் எண்ணுகிறான். நாங்களே கட்டும் பருப்புப் பொட்டலங்கள் எல்லாமே தெளிவான பையில், ஒரே மாதிரி வெள்ளைச் சீட்டோடு இருக்கின்றன. உளுந்துக்கும் பாசிப்பருப்புக்கும் நிறத்தால் வேறுபாடு தெரியலாம், அரைக்கிலோவையும் முக்கால் கிலோவையும் படத்தில் பிரிப்பது கடினம். அதோடு நடைபாதை. அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே கடக்கும் அகலம் இருக்கிறது. எங்கள் கடையில் நடைபாதை மூன்றடி. அதிலும் பாதி நாள் அரிசிச் சிப்பங்களும், பிரிக்காத அட்டைப்பெட்டிகளும், சலுகைக்கு வந்த பிளாஸ்டிக் வாளிகளும் ஓரமாக நிற்கும். அவற்றை அகற்றிக் கடையை ஒழுங்குபடுத்துவது நல்லதுதான். ஆனால் அப்படி ஒழுங்குபடுத்திய கடையில் மனிதனின் எண்ணிக்கையும் வேகமாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேலே சொன்ன நான்கு பிசகுகளில் ஒன்றையும் ரோபோ தடுக்காது என்பது. பால் வரவு பதியாததையோ, சோப்பைத் தவறாக ஸ்கேன் செய்ததையோ, மூட்டை பொட்டலமானதையோ, கோபிக்குப் போன சரக்கையோ அது அறியாது. ரேக் காலி என்று மட்டும் உரிய நேரத்தில் சொல்லும். அந்தச் செய்திக்கும் மதிப்பு உண்டு. பெரிய கடையில் அந்த மதிப்பு ரோபோவின் வாடகையைத் தாண்டும். எங்கள் அளவுக்குத் தாண்டுமா என்பதைக் கூலிக் கணக்கால் பார்த்தேன்.

பெருந்துறைக் கடையில் சுமார் 6,000 வகைச் சரக்குகள் இருக்கின்றன. அவற்றில் வேகமாக ஓடும் 600 வகைகளை வாரம் ஒருமுறையும், நடுத்தரமாக ஓடும் 1,800 வகைகளை மாதம் ஒருமுறையும், மீதி 3,600 வகைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு நாள், மாதத்துக்கு 25 நாள் என்று பிரித்தால், ஒரு நாளைக்கு முறையே 100, 72, 48, ஆக 220 வகைகள். இரண்டு பேர் கைப்பேசியில் பார்கோடை ஸ்கேன் செய்து எண்ணிக்கையைத் தட்டினால், கடை கூட்டம் சேர்வதற்கு முன் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். மூன்று நாள் நாங்களே செய்து பார்த்தோம். மாதத்துக்கு 75 மணி நேர வேலை. மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில், 26 நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 64 ரூபாய். ஆக, ஒரு கடையை ஆண்டு முழுவதும் சுழற்சி முறையில் எண்ண மாதம் சுமார் 4,800 ரூபாய் ஆகிறது. ரோபோவை விற்பவர்கள் பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்கே தருகிறார்கள். டாலர் கணக்கில் கூலி கொடுக்கும் நாட்டுக்காக விலை வைக்கப்பட்ட ஒரு இயந்திரம், இறக்குமதிச் செலவும் பழுதுபார்க்க ஆள் வருவதற்கான காத்திருப்பும் சேர்ந்து, 4,800 ரூபாய்க்குள் எங்கள் கடைக்குள் நுழையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று முறை ரேக்கைப் பார்க்கும் வேகம் அதற்கு உண்டு என்பது சரி. நாலாயிரம் சதுர அடிக் கடையைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவரப் பத்து நிமிடம் போதும் என்பதும் சரி.

ஆகவே மளிகைக் கடைகளைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு, இப்போது கடைக்கு ஒன்றாக ஓடும் கணினி மென்பொருளை அப்படியே வைத்துக்கொள்வதா, மூன்று கடைக்கும் சேர்த்துக் கிளவுட் மென்பொருளுக்கு மாறுவதா என்பதுதான். இங்கே நான் கிளவுட் பக்கம் சாய்கிறேன். அதற்குக் காரணமான இரண்டு இரவுகளை மறக்க முடியவில்லை. ஒன்று, 2025 செப்டம்பர் 21. மறுநாள் முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின: சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18 விழுக்காட்டிலிருந்து 5-க்கும், நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. கடைக்குக் கடை தனித்தனியாக ஆயிரக்கணக்கான சரக்குகளுக்கு விகிதம் திருத்த, நானும் இரண்டு பையன்களும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கோபியில் நாற்பது சரக்குகள் விட்டுப்போய், ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே பொருள் பட்டியலை மூன்று கடைகளும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பாக இருந்திருந்தால் ஒரு திருத்தம் போதும். இன்னொன்று, பெருந்துறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒரு மின்தடைக்குப் பிறகு திறக்காமல் போன இரவு. கடைசியாக நகல் எடுத்தது பதினொரு நாள் முன்பு. அந்தப் பதினொரு நாள் விற்பனையைப் பில் நகல்களிலிருந்து திரும்பத் தட்டினோம். இருப்பு அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் நேராகவில்லை.

கிளவுட் என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. விற்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இணையம் அறுந்தால் பில் போட முடியுமா என்பது. மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளில் யுபிஎஸ் கணினியைக் காப்பாற்றும், தெருவில் உள்ள இணையப் பெட்டியைக் காப்பாற்றாது. பில்லைக் கடையிலேயே எழுதிவைத்து, இணைப்பு வந்ததும் தானாக மேலே அனுப்பும் மென்பொருள்தான் நமக்கு ஆகும். உலாவியில் மட்டும் ஓடுவது தீபாவளிக்கு முந்தின மாலையில் கடையை நிறுத்திவிடும். அடுத்து, கடையிலிருந்து கடைக்குப் போகும் சரக்கை 'வழியில் இருப்பது' என்று தனிக் கணக்காக வைக்கிறதா என்று பார்க்கிறேன். பெருந்துறை அனுப்பியதும் கழிந்து, கோபி பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளும்வரை நடுவில் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் ஆகியும் ஒப்புக்கொள்ளாவிட்டால் என் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும். மூட்டையைப் பொட்டலமாக்கும் பதிவு, அதில் சேதாரத்தைத் தனியாகக் காட்டும் வசதியோடு இருக்கிறதா என்பதும் அவ்வளவே முக்கியம். பல மென்பொருள்கள் இதைத் தொழிற்சாலைக்கான தனிப் பகுதியில் வைத்து அதிகக் கட்டணம் கேட்கின்றன. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொரு கேள்வியைச் சட்டமே நம்மைக் கேட்க வைக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 35-ஆம் பிரிவு இருப்புக் கணக்கை வைக்கச் சொல்கிறது. பதிவுச் சான்றிதழில் பல இடங்கள் இருந்தால் ஒவ்வோர் இடத்தின் கணக்கும் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும், மின்னணு வடிவில் இருக்கலாம் என்றும் சொல்கிறது. 36-ஆம் பிரிவின்படி அந்தக் கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். கட்டணத்தை நாம் நிறுத்தினால், அல்லது நிறுவனமே மூடிவிட்டால், ஆறு ஆண்டுக் கணக்கு யார் கையில் இருக்கும்? மாதாமாதம் எல்லாப் பதிவுகளையும் எக்செல் கோப்பாக நம் கைக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்காத மென்பொருளை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

வரி பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 17(5)-ஆம் பிரிவின்படி, தொலைந்த, திருடப்பட்ட, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். மார்ச் 31 இரவில் ஒரே மூச்சில் எண்ணி, மூன்று லட்சம் ரூபாய்ச் சரக்கு குறைகிறது என்று கண்டுபிடித்தால், அது பொட்டலச் சேதாரமா, திருட்டா, கோபிக்குப் போய் வரவு வைக்காததா என்று அப்போது யாராலும் பிரிக்க முடியாது. ஆடிட்டர் எல்லாவற்றுக்கும் வரியைத் திருப்பச் சொல்வார். வாரந்தோறும் எண்ணினால் குறைவு தெரிகிற அன்றே காரணமும் தெரிந்துவிடுகிறது. அப்பாவின் பழைய முறையை நான் ஏற்காததற்கு இதுவே முதற் காரணம். அந்த முறை எண்ணிக்கையில் தவறாது. எண்ணிப் பயன் பெறும் காலம் கடந்த பிறகு எண்ணுகிறது.

ஈரோட்டுத் துணிக்கடையின் கதை வேறு. மளிகைக்குச் சொன்னது எதுவும் அங்கே அப்படியே பொருந்தாது. ஒரே சட்டை ஆறு அளவு, எட்டு நிறம் என்றால் 48 வகை. வாடிக்கையாளர் பத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுக்கிறார். மற்ற ஒன்பதும் மடித்து வைக்கப்படும்போது வேறு அடுக்குக்குப் போய்விடுகின்றன. நாற்பதாம் அளவு நீலம் கடையில்தான் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. இங்கே பார்கோடை ஒவ்வொன்றாகத் தேடி ஸ்கேன் செய்து எண்ணுவது உண்மையிலேயே கொடுமையான வேலை. இங்கேதான் ஆர்எஃப்ஐடி சீட்டுக்கு நான் ஆதரவு சொல்கிறேன்.

அந்தச் சீட்டில் பேட்டரி இல்லை. கையில் பிடிக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. மடித்து அடுக்கிய துணிக்கு நடுவே இருந்தாலும் சில மீட்டர் தூரத்திலிருந்து நொடிக்கு நூற்றுக்கணக்கில் படித்துவிடும். அதைவிட முக்கியமாக, பார்கோடு 'இது இந்த வகைச் சட்டை' என்று மட்டும் சொல்ல, ஆர்எஃப்ஐடி 'இது அந்த வகையில் இந்த ஒரு சட்டை' என்று சொல்கிறது. ஒரே சட்டையை இரண்டு முறை எண்ணிவிடும் பயமே கிடையாது. சோப்பில் நடக்கும் 'ஒன்றை ஸ்கேன் செய்து ஆறு தட்டும்' பிழையும் இங்கே நடக்க வழியில்லை. ஸாரா கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ் 2014 முதலும், யுனிக்ளோவை நடத்தும் ஃபாஸ்ட் ரீடெய்லிங் 2017 முதலும் இதைப் பரவலாக்கின. நம் திருப்பூர் பனியன் கம்பெனிகள் பல, வெளிநாட்டு பிராண்டுகளுக்குச் சட்டையை அனுப்பும்போதே இந்தச் சீட்டை வைத்துத் தைத்தோ தொங்கவிட்டோ அனுப்புகின்றன. சீட்டு அச்சிட்டுத் தரும் ஆள்களும் அதை அறிந்த தொழிலாளர்களும் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள் என்பது ஈரோட்டுக் கடைக்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு. திருப்பூர்க் காதர்பேட்டையில் வாங்கும் ஏற்றுமதி மிச்சச் சரக்கில் சில சமயம் பழைய சீட்டு ஒட்டியே வரும்; அதில் இருப்பது அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் எண். அதை அகற்றிவிட்டு நம் எண்ணோடு நம் சீட்டைப் போட்டுக்கொள்வதே குழப்பமில்லாதது.

இதே சீட்டை ஏன் மளிகைக்கும் போடக் கூடாது என்று சித்தப்பா கேட்டார். இரண்டு காரணங்கள். சீட்டின் விலை சில ரூபாய். 600 ரூபாய்ச் சட்டையில் அது தெரியாது, பத்து ரூபாய் பிஸ்கட்டில் லாபம் முழுவதையும் தின்றுவிடும். இரண்டாவது, இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பி அடித்துவிடும். எண்ணெய் டின்னும், பழச்சாறு பாட்டிலும், ஜரிகை போன்ற அலுமினியத் தாள் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டும் நிறைந்த கடையில் எண்ணிக்கை தடுமாறும். வால்மார்ட் 2003-இல் தன் நூறு பெரிய சப்ளையர்களை 2005 ஜனவரிக்குள் பெட்டிக்குப் பெட்டி ஆர்எஃப்ஐடி ஒட்டச் சொன்ன திட்டம் எதிர்பார்த்தபடி பரவாததற்கு இந்த இரண்டும் பெரும் காரணங்கள். அதே நிறுவனம் பின்னர் ஆடையில் தொடங்கி, 2022-இல் வீட்டுப் பொருள்கள் போன்ற வகைகளுக்கு விரித்தது. பொருந்தும் சரக்கைத் தேர்ந்த பிறகு அதே கருவி வேலை செய்தது.

கூரையில் கேமரா பொருத்தி ரேக்கைக் கவனிக்கும் முறையையும், ஐக்கியா தன் கிடங்குகளில் இரவில் பறக்கவிடும் எண்ணும் ட்ரோன்களையும் பார்த்தேன். முன்னதற்கு ரோபோவுக்குச் சொன்ன அதே தடைகள் உண்டு. பின்னது பல அடுக்குப் பலகைகளில் சரக்கு நிற்கும் உயர்ந்த கிடங்குக்கு உரியது. எங்கள் குடோனில் உயரம் பத்தடி.

இத்தனையும் சேர்ந்து நான் வீட்டில் வைத்த யோசனை இது. பெருந்துறை, கோபி இரண்டுக்கும் இணையம் இல்லாமலும் பில் போடும் கிளவுட் மென்பொருள். அதோடு காலை ஒன்றரை மணி நேரச் சுழற்சி எண்ணிக்கை. பால் வண்டி வரும் நேரத்தில் கடை திறக்கும் பெரியவரின் கையில் ஒரு கைப்பேசி கொடுத்து, வரவை அவரே படமெடுத்துப் பதியும்படி செய்வது. அவருக்கு அதற்காக மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டித் தருவது. பூஜ்யத்துக்குக் கீழே போகும் இருப்பை மென்பொருளில் அடைத்துவிடாமல் அனுமதித்து, ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டியலை மட்டும் தனியே அச்சிட்டுக் காரணம் எழுதுவது, ஏனெனில் அந்தப் பட்டியல்தான் எங்கே பதிவு தவறுகிறது என்பதை நேராகக் காட்டுகிறது. ஈரோட்டில் முதலில் ஆண்கள் சட்டைப் பிரிவுக்கு மட்டும் ஆர்எஃப்ஐடி. ரீடரை வாங்காமல் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து, ஆடி முடிந்து கணக்குப் பார்த்து, தீபாவளிக்குப் பின் மற்றப் பிரிவுகள்.

ரோபோவை நான் வேண்டாம் என்று எழுதிவிடவில்லை. சித்தப்பாவின் ஆசையை அப்படித் தள்ள மனமும் இல்லை. அவர் பெருந்துறை ரோட்டில் பதினைந்தாயிரம் சதுர அடியில் ஒரு கடை கட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது எழுந்தால், நடைபாதையை ஐந்தடிக்குக் குறையாமல் விட்டு, ரேக் விளிம்பில் ஒவ்வொரு சரக்குக்கும் அச்சிட்ட விலைச்சீட்டை நிலையாக வைத்து, தரை துடைக்கும் தானியங்கி இயந்திரத்தை வாங்குவதாக இருந்தால் அதன்மேல் கேமரா பொருத்தும் வசதி உள்ளதையே கேட்பது என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். அப்பா இன்னும் மார்ச் 31 எண்ணிக்கையை விடச் சம்மதிக்கவில்லை, ஆகவே அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெருந்துறையில் முதல் எண்ணிக்கையைச் சத்துமாவு ரேக்கிலிருந்து தொடங்குகிறோம்.